பேகர் என்னும் எண்ணுணவு: வன்னிப் பெருநிலக் குடும்பங்களின் ‘எனக்கு வேண்டாம்’ குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பிரச்சினை

வன்னியைப் பற்றி எழுதியவர்கள் நெல்லை எழுதினார்கள், குளத்தை எழுதினார்கள், பண்டாரவன்னியனை நாடகமாக்கினார்கள். பின்னேரம் ஐந்தரை மணிக்குத் தாச்சியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்க, மேசையில் ஆறு பணிசும் மேசையைச் சுற்றி ஏழு பேருமாக நிற்கிற அந்தக் கட்டத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஆறை ஏழால் பிரிப்பது கணித பாடத்தில் தசமத்தோடு முடிந்துபோகும். குடும்பத்தில் அது அப்படி முடிவதில்லை. எப்படி முடிகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் வரையறை. இங்கே பேகர் எனப்படுவது, குறுக்காகப் பிளந்த பணிசுக்குள் தட்டையாக்கிய கட்லட் ஒன்றும், சீவிய கோவா சிறிதும், சோஸ் அதனிலும் சிறிதும் வைக்கப்பட்ட பண்டம். அஃதேல், மாட்டிறைச்சி இல்லாதது பேகர் ஆமோ எனின், ஆம். சாமி அறையும் குசினியும் ஒரே சுவரைப் பங்குபோடும் வீடுகளில் மாட்டிறைச்சி பற்றிய கேள்வியே எழாது. பின் எதனால் அது பேகர் ஆகிறது எனின், வீட்டின் கடைசிப் பிள்ளை எதைப் பேகர் என்று ஏற்று வாயை மூடுகிறதோ அதுவே பேகர் என்க. அம்மம்மா இதற்கு உடன்படவில்லை. “உது கட்லட்டுக்குச் சட்டை போட்டு விட்டிருக்கிறியள்” என்பது அவவின் கட்சி. கட்சி வலிதுதான். ஆனால் சட்டை போட்டதும் ஆளின் மதிப்புக் கூடுவது உலக வழக்காகையால், அதனாலேயே நம் வரையறை உறுதிப்படுகிறது.

திணை

எந்தப் பொருளையும் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்துப் பார்ப்பது நம் மரபு. முல்லைத் திணைக்குச் சிறுபொழுது மாலை. உரிப்பொருள் இருத்தல், அதாவது வருவார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருத்தல். முல்லைத்தீவு மாவட்டத்தில் எந்த ஒழுங்கையிலும் மாலையில் போய்ப் பாருங்கள்: படலையடியில் பிள்ளைகள் இருப்பார்கள். தலைவன் வினைமுடித்துத் தேரில் வருவதற்குப் பதிலாகப் பாண்காரர் ஓட்டோவில் வருவார் என்ற ஒரு மாற்றத்தைத் தவிர, இலக்கணம் ஓரெழுத்தும் பிசகவில்லை.

கருப்பொருளில்தான் சிக்கல். முல்லைக்குரிய பறை ஏறுகோட்பறை என்பர். இலங்கையின் பாண் ஓட்டோக்களுக்குரிய பறையோ பேத்தோவனின் ‘ஃபியூர் எலிஸ்’. 1810இல் அவர் எழுதிய அந்த மெட்டு, அவர் இறந்து நாற்பது ஆண்டு கழித்து 1867இல்தான் அச்சேறியது. அது ஒட்டுசுட்டானில் மாலுபணிஸ் விற்கும் என்று அந்த மனிசன் கனவிலும் கண்டிருக்க மாட்டார். வியன்னாவின் அரங்குகளில் கைதட்டு வாங்கியவர்தான். எனினும் முதல் இரண்டு சுரம் காற்றில் வந்ததுமே ஒரு ஒழுங்கை முழுவதும் சில்லறை எண்ணத் தொடங்குகிற மரியாதை அவருக்கு அங்கே கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ஓட்டோ நிற்காமல் போனாலோ, நின்று “பேகர் பணிஸ் முடிஞ்சுது, கிம்புலா பணிஸ்தான் கிடக்கு” என்றாலோ திணை நெய்தலாகிவிடும், உரிப்பொருள் இரங்கல். முல்லைத்தீவு கடற்கரை மாவட்டம் ஆகையால் இத்திணை மயக்கத்தை வழுவமைதியாகக் கொள்ளலாம். கிம்புலா பணிஸ் முதலை வடிவில் நீண்டு, சீனி தூவி இருப்பது. அதற்குள் வட்டமான கட்லட்டை வைக்க முயன்ற தம்பியின் சோதனை இங்கே விரிக்கத் தக்கதன்று.

பணிசின் பொருளாதாரம்

வன்னிக் கமக்காரர் வீட்டில் சோறும் பணிசும் ஒரே உண்டியலில் இருந்து வருவதில்லை. இரணைமடுத் தண்ணீரில் காலபோகம் செய்து, வெட்டி, காயவிட்டு, விற்றது போக மிச்ச மூட்டைகளை அறைக்குள் அடுக்கிவிட்டால், பேர்சைத் திறக்காமலே உலை வைக்கலாம். உரக்கடைக் கடனும் உழவு மெசின் கூலியும் எழுதிய கொப்பி வேறு இடத்தில் இருக்கும். உலை கொதிக்கும்போது அதை யாரும் நினைப்பதில்லை. பணிஸ் அப்படி அல்ல. அது முழுக்க முழுக்கக் கைக்காசு. இந்த நாட்டின் வயல்களில் கோதுமை இல்லை. அது வேறு கண்டத்தில் விளைந்து, டொலருக்கு வாங்கப்பட்டு, கப்பலேறி, திருகோணமலை சீனன்குடாவின் பிரிமா ஆலை போன்ற இடங்களில் மாவாகி, பிறகுதான் ஏ9 வீதியில் ஏறி எங்கள் பேக்கரிக்கு வருகிறது. உலகில் எங்கே யார் சண்டை பிடித்தாலும் பணிசில் தெரியும். நெல்லில் தெரிவதற்கு அந்தச் சண்டை பக்கத்துக் காணியில் நடக்கவேண்டும். அதுவும் நடந்திருக்கிறது என்பது வேறு கதை.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. எங்கள் ஒழுங்கைக்கு அந்தச் செய்தி பத்திரிகையில் வருவதற்கு முன்பே பணிசில் வந்துவிட்டது. விலை ஏறியது, பருமன் இறங்கியது. இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று சந்தித்துச் சுகம் விசாரித்திருக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு, 2021 மே மாதம், இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்திருந்தார்கள். அடுத்து வந்த காலபோகம் விளைச்சலில் சரிந்தது. அதனால் அந்த ஒரு வருடம் மட்டும் பேர்சைத் திறக்காத சோறு என்ற எமது மேற்கோளே ஆட்டங்கண்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு பணிசின் விலை அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் கட்டுரை அச்சாகுமுன் பழைய விலையாகிவிடும், வாசகர் பெருமூச்சு விடுவார், ஆய்வின் நடுநிலை கெடும்.

பாணுக்கென்றால் சட்டம் இருக்கிறது. 2024 பெப்ரவரி முதல் ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும், 13.5 கிராம் வரை குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்று வர்த்தமானியில் போட்டார்கள். அந்த அரைக் கிராம்வரை கணக்குப் பார்த்த அதிகாரி யாரோ, அவருக்கு வீட்டில் தம்பி ஒருவன் இருந்திருக்க வேண்டும்.

வன்னிக்கும் கோதுமை மாவுக்கும் உள்ள உறவு பேகரோடு தொடங்கியதல்ல. 1970களில் நாடு முழுக்கப் பாணுக்கு வரிசையில் நின்ற காலத்தில்தான் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் படித்த வாலிபர் திட்டத்துக் காணிகளில் மிளகாயும் வெங்காயமும் காசாகக் காய்த்தன. இறக்குமதி நின்றால் விளைவிப்பவனுக்கு யோகம் என்பது அன்றைய பாடம். 2009இல் போர் முடிந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம் அடைபட்டிருந்தபோது நிவாரணப் பொதியில் அரிசியோடும் பருப்போடும் கோதுமை மாவும் வந்தது. மாதக் கணக்கில் ரொட்டி. எங்கள் வீட்டு அம்மா அங்கே மூன்று நேரமும் கோதுமை மா ரொட்டி சுட்டா. சுட்டதோடு சாப்பிட்டும் இருக்கிறா. வாசகர் இந்தத் தரவை மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் தேவைப்படும்.

செய்முறையும் சித்தாந்த வேறுபாடுகளும்

சோயாமீற் பைக்கற் ஒன்று, 90 கிராம். அதை உப்புப் போட்ட கொதிநீரில் ஊறவிட்டு, ஊதி வந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, இரண்டு கையாலும் பிழிய வேண்டும். இங்கேதான் பேகர் பேகராவதும் பழைய சோயாக் கறியாவதும் தீர்மானிக்கப்படுகிறது. அரைகுறையாகப் பிழிந்தால் அந்தக் குண்டு மணம் மசாலாவுக்கும் அடங்காது, சோசுக்கும் அடங்காது. அம்மா பிழியும்போது கடைசித் துளி விழுந்த பிறகும் ஒருதரம் முறுக்குவா. அந்தக் கடைசி முறுக்கில் மணிக்கட்டு நரம்பு எழும்பும். பிறகு மிக்சியில் ஒரே ஒரு சுற்று. இரண்டாம் சுற்று விட்டால் களி.

அவித்து மசித்த உருளைக்கிழங்கு, சின்னதாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம், கையால் இடித்த மிளகு, தேசிக்காய்ப் புளி அரைக் கரண்டி. முந்தாநாள் பாணின் கரையை வெயிலில் காயவைத்து நொறுக்கிய தூள். முட்டையில் தோய்க்கச் சொல்வது யூடியூப். கோதுமை மாவைக் கரைத்து அதில் தோய்ப்பது வன்னி. அச்சுக்கு ஜாம் போத்தல் மூடி: உள்ளே எண்ணெய் பூசிய பொலித்தீன் துண்டு ஒன்றை விரித்து, கலவையை வைத்துப் பெருவிரலால் ஓரம்வரை அமத்தி, கவிழ்த்துத் தட்டினால் ஏழு வட்டமும் ஒரே அளவு. ஆம், ஏழு. கட்லட் ஏழு வரும். பணிஸ்தான் ஆறு. இந்த ஒன்றின் வித்தியாசத்தில்தான் இந்த ஆய்வே நிற்கிறது.

ஜாம் மூடி பணிசைவிடச் சிறியது. ஆகவே கடிப்பவருக்கு முதல் கடியில் பணிஸ் மட்டுமே அகப்படும். அந்த ஓர இடைவெளியை நிரப்புவதே கோவாவின் பணி. கோவா சத்துக்காகப் போடப்படுகிறது என்று அக்கா சொல்வதை ஏற்க இயலாது. அது முட்டுக்கொடுக்கப் போடப்படுகிறது. சீஸ் வாங்குகிற நாளில் ஒரு சதுரத்தை இரண்டு மூலைவிட்டத்தால் வெட்டினால் நான்கு முக்கோணம். இரண்டு சதுரத்தில் எட்டு. ஏழு பேருக்கு எட்டு என்பதால் சீசில் நீதிப் பிரச்சினை எழுவதில்லை. மிஞ்சிய முக்கோணம் யாருக்கு என்பதில் போட்டி எழாதபடி தம்பி முன்னமே விழுங்கிவிடுவான். மயோனைஸ் வீட்டிலேயே செய்யலாம் என்று ஒருதரம் அக்கா தேங்காய் எண்ணெயில் அடித்தாள். முழுகிவிட்டு வந்த தலை மணத்தோடு ஒரு வெள்ளைப் பசை கிடைத்தது. அன்று முதல் மிளகாய்ச் சோஸ்.

உட்பொருள் பற்றி மூன்று பள்ளிகள் உள்ளன. முல்லைத்தீவுப் பள்ளி சூரை மீனை அவித்து உதிர்த்துச் சேர்க்கும். முள் அகப்பட்டால் அது உண்மையான மீன் என்பதற்குச் சான்று எனக் கொள்ளும். கிளிநொச்சிப் பள்ளி சோயா. வவுனியாப் பள்ளி கோழி. அங்கே கடையும் கூட, எடுப்பும் கொஞ்சம் கூட. ரின் மீன் எந்தப் பள்ளிக்கும் உரியதன்று. விருந்தாளி வந்தால் மூன்று பள்ளியும் அதைத்தான் உடைக்கும்.

நெகிழ்ச்சிக் கோட்பாடு

உணவுகளைச் சைவம், அசைவம் என்றும், சூடு, குளிர் என்றும் முன்னோர் பகுத்தனர். இவ்வாய்வு இன்னொரு பகுப்பை முன்வைக்கிறது. ஆள் ஒன்று கூடினால் எவ்வளவு இலகுவாக இழுபடும் என்பதே அந்த அளவுகோல். இழுபடுவது நெகிழ்வுணவு, எண்ணி அடங்குவது எண்ணுணவு.

முதலிடம் கஞ்சிக்கு. அரிசி ஒரு பிடி, தண்ணீர் எவ்வளவும். 2009இன் முதல் மாதங்களில், போர் முடியும் காலத்தில், முல்லைத்தீவுக் கடற்கரை மணலில் கஞ்சி வரிசையில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கப்படும் கிழமையில் எங்கள் வீட்டில் பேகர்ப் பேச்சு எழுவதில்லை. தம்பி அந்தப் போருக்குப் பிறகு பிறந்தவன். அவனும் கேட்பதில்லை.

இரண்டாமிடம் சோறு. சோற்றில் பங்கு தெரியாது. அம்மா கடைசியாகத்தான் போட்டுச் சாப்பிடுவா; எவ்வளவு சாப்பிட்டா என்பது பானைக்கும் அகப்பைக்கும் இடையிலான இரகசியம். புட்டில் தேங்காய்ப்பூவைக் கூட்டலாம். இடியப்பம் எண்ணக்கூடியதே, ஆனால் தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து குழம்பில் ஊறிய பிறகு எண்ணுவதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. தோசை எண்ணத் தெளிவானது, வட்டமானது, ஐயமற்றது. ஆயினும் அது ஒவ்வொன்றாக வருவது. சுடுபவர் கடைசியில் சாப்பிடுவார் என்று எல்லாரும் நம்பிக்கொண்டே எழும்பிப் போய்விடுவார்கள். கடைசியில் மா மிஞ்சியதா என்று திரும்பிப் பார்த்தவர் இல்லை. ஆக இதுவரையிலான நம் சமையல் மரபு முழுவதும் ஒரு உண்மையை மறைத்து வைக்கத் தக்கதாகவே அமைந்திருக்கிறது.

பேகர் வந்து அதைக் கெடுத்தது. பேகர் எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வருகிறது. வந்ததும் யாரும் தொட முதல் அக்கா ஒரு படம் எடுக்கிறாள். அது வட்ஸ்அப்பில் கனடாவுக்குப் போகிறது. படத்தில் ஆறு. கனடாவில் காலையில் எழும்பிய சித்தி அதைப் பார்த்துவிட்டு ஒரு குரல் பதிவு போடுகிறா: “வடிவாக் கிடக்கு. அதுசரி அக்கா, உன்ரை எங்கை?”

எனவே இவ்வாய்வின் கருதுகோள் இதுதான்: வன்னிக் குடும்பத்தில் அம்மா சாப்பிடாமல் விட்டது என்பது பேகருக்கு முன்பும் நடந்தது; பேகருக்குப் பின்புதான் எண்ணால் நிறுவப்பட்டது.

‘எனக்கு வேண்டாம்’: வகையும் விரியும்

உண்ண மறுப்போரின் கூற்றுகளைத் தொகுத்தபோது அவை பேசுபவருக்கேற்ப வேறுபடுவது தெரிந்தது. அப்பாவின் கூற்று சுருக்கமானது: “நான் ரவுணிலை சாப்பிட்டிட்டன்.” ரவுணில் எங்கே, என்ன என்று துருவினால் பேப்பரை விரித்துவிடுவார். அம்மம்மாவுக்கு விரதம் உதவும். வெள்ளி, சதுர்த்தி, பிரதோசம், அது எதுவும் இல்லாத நாளில் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தது. அக்காவுக்கு டயற். மச்சாள், படிக்க என்று எங்கள் வீட்டில் வந்து நிற்பவள், “பசியில்லை மாமி” என்பாள். அதை மட்டும் இந்த வீட்டில் யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. வந்து நிற்கிற பிள்ளையின் தட்டு முதலில் நிரம்பவேண்டும் என்பது எழுதாச் சட்டம். தம்பியிடமிருந்து இவ்வகைக் கூற்று எதுவும் இன்றுவரை பதிவாகவில்லை.

அம்மாவின் கூற்று மருத்துவத் துறையைச் சார்ந்தது. “எனக்கு உந்தக் கோதம்பை மா ஒத்துவராது பிள்ளை. நெஞ்செரிக்கும். நீங்கள் சாப்பிடுங்கோ, நான் சோத்தோடை கட்லட்டைச் சாப்பிடுறன்.” ஏழாவது கட்லட் போகிற இடம் இதுவே. பணிஸ் இல்லாத பேகர் என்ற இந்த அரிய வகை வேறெந்த நாட்டிலும் உள்ளதா என்று தேடவேண்டும்.

அஃதேல், ஒவ்வாமை உண்மையாகவும் இருக்கலாமே எனின், மெனிக் பாம் தரவை இங்கே எடுத்து வருக. மாதக் கணக்கில் கோதுமை ரொட்டி தின்றபோது எரியாத நெஞ்சு, ஆறு பணிஸ் பைக்கற்றைக் கண்டதும் மட்டும் எரிவானேன்?

அஃதேல், இரண்டு பைக்கற் வாங்கினால் தீருமே எனின், பன்னிரண்டிலிருந்து ஏழு போக ஐந்து மிஞ்சும். மிஞ்சிய ஐந்தை நாளைக் காலைச் சாப்பாடாக்கினால் ஏழு பேருக்கு ஐந்து. பிரச்சினை ஒன்றிலிருந்து இரண்டாக வளர்கிறது. ஒரு பணிசைத் தனியாக வாங்கலாமே எனின், எங்கள் ஒழுங்கைக்கு வரும் ஓட்டோவில் பேகர் பணிஸ் பைக்கற்றாகத்தான் வருகிறது. பைக்கற்றை உடைக்கக் கேட்டால் பாண்காரர் பேத்தோவனின் ஒலியைக் கூட்டிவிடுவார்.

காலமும் கருதத் தக்கது. நுண்கடன் வாரத் தவணை அறவிட மோட்டார் சைக்கிளில் ஆள் வருகிற கிழமையில் பேகர் செய்யலாகாது. வடக்கில் பெண்களின் பெயரில் ஏறிய இந்தக் கடன்களின் பாரம் தாங்காமல்தான் 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டவற்றைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. தள்ளுபடி ஆகாதவை இருக்கின்றன. பொரிக்கிற மணம் படலையைத் தாண்டிப் போனால், படலையில் நின்று சொல்கிற “இந்தக் கிழமை காசில்லை தம்பி” என்ற வசனத்தின் நம்பகத்தன்மை குன்றும். ஆகவே கடன்கட்டும் வீடுகளில் பேகர் ஞாயிறு மாலைக்கே உரியது.

விலகல் சுட்டெண்

பேகரைக் கொண்டு பொருளாதாரத்தை அளப்பது புதிதன்று. 1986இல் ‘எக்கொனொமிஸ்ட்’ சஞ்சிகை பிக் மக் சுட்டெண்ணை உருவாக்கியது. ஒரே பேகர் ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று பார்த்து நாணயங்களின் பெறுமதியை ஒப்பிடும் முறை. வன்னிக்கு அது பயன்படாது. மக்டொனால்ட்ஸ் இலங்கைக்கு வந்தது 1998இல். 2024 மார்ச்சில் நாட்டிலிருந்த 12 கடைகளும் மூடப்பட்டன. கொழும்பில் அது பெரிய செய்தி. கிளிநொச்சியிலோ வந்ததும் தெரியாது, மூடியதும் தெரியாது. டிப்போச் சந்தியில் வழமைபோல் கச்சான் விற்றது.

எனவே மாற்றாக ‘விலகல் சுட்டெண்’ முன்மொழியப்படுகிறது. கணிக்கும் முறை எளிது: பேகர் மேசைக்கு வந்த பிறகு எத்தனை பேர் “எனக்கு வேண்டாம்” என்கிறார்கள் என்று எண்ணுக. அம்மாவைச் சேர்க்கக் கூடாது, அவ மாறிலி. நல்ல காலபோகம் வெட்டிய மாசியில் சுட்டெண் பூச்சியம். உரத்துக்குக் கடன்பட்ட ஐப்பசியில் ஒன்று, அது அப்பா. 2022இல் அம்மம்மாவும் சேர்ந்து இரண்டு, பிறகு அக்காவுக்கு டயற் தொடங்கி மூன்று. அக்காவின் டயற்றும் நாட்டின் கடன் நெருக்கடியும் ஒரே காலத்தில் தொடங்கியது தற்செயல் என்று அவள் சாதிக்கிறாள். இன்று அக்கா மீண்டும் சாப்பிடுகிறாள். மத்திய வங்கியின் அறிக்கையை நான் வாசிக்கவில்லை, தேவைப்படவும் இல்லை.

இச்சுட்டெண்ணுக்கு ஒரு குறை உண்டு. தொகை குறைந்தாலும் கூடினாலும் விலகியவரின் பங்கு போவது தம்பிக்கே. ஆகவே நெருக்கடிக் காலத்தில் குடும்பத்தில் ஒருவரின் நுகர்வு மட்டும் உயர்கிறது. பொருளியலாளர் இதை எவ்வாறு விளக்குவரோ. தம்பி விளக்கம் தர மறுத்துவிட்டான், வாய் நிறைந்திருந்தது.

சோதனை

கருதுகோளை நிறுவ ஒரு இயற்கைச் சோதனை தானாக வாய்த்தது. ஒருநாள் பாண்காரரின் ஓட்டோவில் சாமான் பெட்டி சரிந்து ஒரு பைக்கற் நசிந்து போய்விட்டது. அதில் உருப்படியாக இருந்த பணிசில் ஒன்றை, “இந்தாங்கோ அக்கா, சும்மா வைச்சிருங்கோ” என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் அமத்துப்பட்டு, எள்ளு உதிர்ந்து, பார்வைக்கு அத்தனை வடிவில்லாத பணிஸ். எண்ணிக்கை ஏழானது.

அன்று மேசையில் ஏழு பேகர். அக்கா படம் எடுத்தாள். எல்லாரும் எடுத்த பிறகு அந்த நசிந்தது தட்டில் இருந்தது. அம்மா கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அதை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, கடித்தா. கடித்துவிட்டு, “சோசை இஞ்சாலை தள்ளு” என்றா. சோஸ் இரண்டாம் முறையும் ஊற்றப்பட்டது. முழுவதும் சாப்பிட்டு விரலையும் நக்கிய பிறகு, நெஞ்செரிவு குறித்துப் பின்தொடர் விசாரணை செய்யப்பட்டது. “என்ன நெஞ்செரிவு?” என்பது கிடைத்த பதில்.

முடிவு வெளிப்படை. ஒவ்வாமை கோதுமைக்கு அன்று, ஆறுக்கு.

முடிவுகளுக்குப் பிந்திய நிலைமை

இம்முடிவுகள் வீட்டு விறாந்தையில், தேத்தண்ணி நேரத்தில், குடும்பத்தார் முன்னிலையில் வாசிக்கப்பட்டன. அம்மா எதிர்வாதம் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு பைக்கற் பணிஸ் வாங்குவதையே நிறுத்திவிட்டா.

அன்று பின்னேரம் ஈஸ்ட் போட்டுக் குழைத்த மா ஒரு சட்டியில் ஈரத் துணிக்குக் கீழே பொங்கிக்கொண்டிருந்தது. அவண் இல்லாத வீடு. பழைய அலுமினியப் பானைக்குள் மணல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து, மூடியின் மேல் சிரட்டைத் தணல் போட்டுச் சுடுகிற முறை. பணிஸ் கொஞ்சம் கோணல், அடி கொஞ்சம் கறுப்பு. மணத்தில் பேக்கரிப் பணிஸ் கிட்டவும் நிற்காது. முக்கியமானது வேறு: குழைத்த மாவை எத்தனையாகவும் பிரிக்கலாம். ஏழு பேருக்கு ஏழு. அந்த நேரம் பார்த்து மாமி சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் வர, எட்டு. கோட்பாட்டின்படி சொன்னால், எண்ணுணவாக இருந்த பேகர் நெகிழ்வுணவாகிவிட்டது. தோசை வரிசையில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆய்வுக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை.

எட்டும் மேசைக்கு வந்தன, படமும் எடுக்கப்பட்டது, சித்திக்குக் கேள்வி இல்லை. ஆனால் மாமியின் பிள்ளைக்கு ஒன்று பொலித்தீனில் கட்டப்பட்டது. அது எந்த எட்டிலிருந்து போனது என்று தேடியபோது அம்மாவின் தட்டில் சோறு இருந்தது. காரணம் கேட்கப்பட்டது. கோதுமை, நெஞ்செரிவு எதுவும் சொல்லவில்லை. புதிய கூற்று ஒன்று பதிவானது: “சுடேக்கை மணம் பிடிச்சே வயிறு நிரம்பிப் போச்சு.”

இக்கூற்றைப் பொய்ப்பிக்க வழியில்லை. மணத்தால் வயிறு நிரம்புமா, எவ்வளவு நிரம்பும் என்று அளக்க ஆய்வாளரிடம் கருவி கிடையாது. இது புதிய உத்தியல்ல, பாண் வரிசைக் காலத்திலேயே தானும் தன் தாயும் பாவித்ததுதான் என்று அம்மம்மா சாட்சி சொல்ல முன்வந்தா. ஆனால் அந்தச் சாட்சியத்தை அவ சொன்னது, தன் தட்டிலிருந்த பாதிப் பேகரைத் தம்பியின் தட்டுக்குத் தள்ளிக்கொண்டே என்பதால், நலமுரண் கருதி அதைப் பதிவில் சேர்க்க இயலவில்லை.